டிஷ் திருப்பிய மதியம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கொடைக்கானலில் சீசன் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில் இது நடந்தது. எங்கள் வீடு பள்ளங்கி ஊருக்கும் கீழே, மண் பாதை இறங்கும் சரிவில் தனியாக இருக்கிறது. கேபிள் டிவி ஊருக்குள் வரைக்கும்தான் வந்திருந்தது. ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போன் பேச வேண்டுமென்றாலும் மேட்டில் ஏறி, பாதை திரும்பும் இடத்தில் போய் நிற்க வேண்டும். திருமணமாகி வந்ததிலிருந்து நாங்கள் டிவி இல்லாமலேதான் இருந்தோம். பகலெல்லாம் தோட்டத்து வேலை. இருட்டினால் குளிர் ஆளைப் போர்வைக்குள் தள்ளிவிடும். டிவி இல்லாததை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது.

என் கணவர் பூண்டு விவசாயத்தோடு ஜீப்பும் ஓட்டிவந்தார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டைகளையும் ஆட்களையும் பெருமாள்மலை வரை கொண்டுபோய் விடுவார். பேச்சுக்காரர். ஜீப்பில் ஏறியவர்கள் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்த வருடம் மாசியில் பூண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது மூட்டை அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கூட இருந்த சுமைக்காரர்கள்தான் அதே ஜீப்பில் அவரைப் போட்டுக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். கன்னிவாடியில் இருக்கும் அவருடைய அண்ணன் எங்களுக்கு முன்பே மதுரைக்கு வந்து காத்திருந்தார்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது காலும் கையும் பயிற்சி கொடுத்தால் ஓரளவு தேறும். பேச்சு எப்போது திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நாம் பேசுவதாவது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டேன். அதுவும் போகப் போகத்தான் தெரியும் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தவரை எதைக் கேட்டாலும் அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆட்டினார், வேண்டாமா என்றாலும் ஆட்டினார். நர்ஸ் அவருடைய பெயரை மாற்றிச் சொல்லி, அது சரிதானா என்று கேட்டபோதும் ஆட்டினார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. வாயில் சோற்றை ஊட்டினோம். மாத்திரை கொடுத்தோம். துடைத்துவிட்டு வேறு சட்டை மாட்டினோம்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வலது கால் தேறியது. கை தேறவில்லை. குரல் வரவே இல்லை. பகல் முழுக்கக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பார். மகள் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. கை கால் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பாள். ஒருநாள் அவள் அவரையும் சுவரையும் பார்த்துவிட்டு, "ஆளுக பேசுற சத்தம் காதுல விழுந்துகிட்டே இருக்கணும்ங்க. இப்பிடிச் சுவத்தப் பாத்துக்கிட்டே கெடக்க விடாதீங்க" என்றாள்.

பேச ஆளுக்கு எங்கே போவது? அதனால்தான் டிவி.

டிவிக்குச் சிரமம் இருக்கவில்லை. அவருடைய அண்ணன் தன் வீட்டில் புதிது வாங்கியதால் ஒதுக்கிவைத்திருந்த பழையதைக் கொண்டுவந்து கொடுத்தார். டிஷ் மட்டும்தான் வாங்க வேண்டியிருந்தது. பெருமாள்மலையில் ஒரு கடைக்குப் போனேன். டிஷ் என்றால் டிஷ்தான் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அங்கே தலை சுற்றியது. மாதக் கட்டணமே இல்லாத வகை ஒன்று இருந்தது. அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு என்று கடைக்காரரே சொன்னார். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிற வகையில் நாலைந்து கம்பெனி. அதிலும் செட்டாப் பாக்ஸில் சாதாரணப் பெட்டி வேண்டுமா, படம் துல்லியமாகத் தெரியும் பெட்டி வேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்கள் டிவிக்குப் பின்னால் என்ன துளை இருக்கிறது என்று கேட்டார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்டத் துளைகள் இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அப்படியானால் சாதாரணப் பெட்டியே போதும், மற்றதை வாங்கினாலும் அந்த டிவியில் பிரயோஜனம் இல்லை என்றார். எங்கள் பக்கத்து மழைக்கு டிஷ் மட்டும் கொஞ்சம் பெரிய அளவில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேச்சு அதிகம் வருகிற சேனல்கள் எந்தத் தொகுப்பில் இருக்கின்றன என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காரணத்தைச் சொன்னதும், செய்தியும் பட்டிமன்றமும் நாள் முழுக்க ஓடுகிற ஒரு தொகுப்பைக் காட்டினார். இடது கையால் அழுத்த வசதியாகப் பெரிய பொத்தான்கள் உள்ள ஒரு ரிமோட்டையும் தேடி எடுத்துத் தந்தார். என் கணவர் ரிமோட்டை அழுத்துவார் என்ற நம்பிக்கையில் நான் அதை வாங்கவில்லை. இருக்கட்டும் என்று வாங்கினேன்.

மாட்டித் தர கடையிலிருந்து ஒருவர் வந்தார். கூரைமேல் வைக்கலாம் என்று ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். வீட்டை ஒட்டி நிற்கிற தைல மரம் வானத்தை மறைக்கிறது என்றார். டிஷ் எதிர்மலையைப் பார்ப்பதுபோலத்தான் நமக்குத் தெரியும், உண்மையில் அது அதற்கு மேலே, ஏறக்குறைய உச்சி வானத்திலிருந்து வாங்குகிறது, நடுவில் ஒரு கிளை வந்தாலும் படம் நின்றுவிடும் என்று விளக்கினார். கடைசியில் வீட்டுக்குப் பக்கவாட்டில், பூண்டுப் பாத்தி தொடங்குகிற ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, சிமெண்டு போட்டு, அதில் மாட்டினார். என் கணவரின் கட்டிலுக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் டிஷ் நேராகத் தெரியும். டிவியைக் கட்டிலின் கால்மாட்டில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அன்று முதல் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் போட்டுவிட்டுப் போவேன். அவர் சில நேரம் திரையைப் பார்ப்பார். சில நேரம் சுவரைப் பார்ப்பார். ரிமோட்டை அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

இதற்கிடையில் அவருடைய அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். மதுரையில் எங்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவர். எங்களைக் கீழே கன்னிவாடிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், ஜீப்பை விற்றுவிடலாம் என்றார். "இங்க தனியா கெடந்து என்னம்மா செய்யப் போற? நாளைக்கி இவனுக்கு ஒண்ணுன்னா தூக்கிட்டு ஓட ஆள் வேணும்ல. நம்ம வீட்டுப் பக்கத்துலயே ஒரு வீடு சும்மாதான் கெடக்கு" என்பார். அவர் சொன்னது நியாயம்தான். நானும் அநேகமாகச் சம்மதித்துவிட்டேன். ஜீப்பை மட்டும் விற்க வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். கை தேறாவிட்டாலும் கண்முன்னால் நின்றால் அவருக்கு ஒரு தெம்பாக இருக்கும் என்று சொன்னேன். அதற்காகவே, அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அதை ஜன்னலுக்கு எதிரே, படுக்கையிலிருந்து தெரிகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தச் செய்திருந்தேன். இதையெல்லாம் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினோம். அடுத்த ஞாயிறு குத்தகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

அந்த வாரத்தில் ஒருநாள் குரங்குக் கூட்டம் வந்து டிஷ்ஷில் தொங்கி விளையாடிவிட்டுப் போனது. டிஷ் திரும்பிவிட்டது. திரையில் சிக்னல் இல்லை என்ற வாசகம் மட்டும் நின்றது. மேட்டில் ஏறி, மாட்டித் தந்தவருக்குப் போன் செய்தேன். சீசன் நேரம், லாட்ஜ்களில் வேலை குவிந்து கிடக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார். என் குரலைக் கேட்டு என்ன நினைத்தாரோ, நீங்களே திருப்பிவிடலாம் என்று வழி சொன்னார். எந்தப் பட்டனை அழுத்தினால் சிக்னல் பக்கம் வரும், எந்த நட்டைத் தளர்த்த வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு பட்டை தெரியும்க்கா. மேல உள்ளத நம்பாதீங்க. அது எந்தப் பக்கம் திருப்புனாலும் நெறைஞ்சேதான் நிக்கும். கீழ உள்ளது ஏறணும். நகம் அளவு திருப்புங்க, கொஞ்சம் பொறுங்க, மறுபடி திருப்புங்க. வெரசாத் திருப்புனீங்கன்னா தாண்டிப் போயிரும்" என்றார். உள்ளே திரையைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், தனியாக முடியாது என்றும் சொன்னார். ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தேன். அவருக்குத் தலையணை வைத்துச் சாய்வாக உட்காரவைத்து, சோற்றை ஊட்டிவிட்டு, எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கட்டில் ஓரத்திலேயே வைத்துவிட்டேன். ரிமோட்டை அழுத்தி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தேன். போனில் சொன்னதுபோலவே இரண்டு பட்டைகள். மேலே உள்ளது நிறைந்திருந்தது. கீழே உள்ளது காலி. ஜீப்பில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "கீழ உள்ளதுதான் ஏறணுமாம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். தனியாக வேலை செய்கிறவர்கள் இப்படிப் பேசிக்கொள்வது உண்டு.

நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்புவேன். உள்ளே ஓடிவந்து திரையைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மறுபடி வெளியே ஓடுவேன். பாத்தி ஓரத்திலிருந்து வாசலைச் சுற்றி அறைக்கு வந்துபோவதிலேயே மூச்சு வாங்கியது. எத்தனை முறை போய்வந்தேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், போகிற போக்கில் ஒரே தள்ளாகத் தள்ளினேன். அப்போது உள்ளிருந்து டங்கென்று ஒரு சத்தம்.

தட்டைத் தள்ளிவிட்டாரோ, விழுந்துகிழுந்து தொலைத்தாரோ என்று பயந்து உள்ளே ஓடினேன். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அவருடைய இடது கையில் கரண்டி இருந்தது. கண் திரையில் இருந்தது. பார்த்தேன், கீழ்ப் பட்டை கால்வாசி ஏறி நின்றது.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். வெளியே போய் டிஷ்ஷை முன்பிருந்த பக்கமே கொஞ்சம் திருப்பினேன். சத்தம் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். டங்கென்றது. இன்னும் ஒரு நூலிழை திருப்பினேன். டங், டங். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஒரேயடியாக வேறு பக்கம் திருப்பிவிட்டு நின்றேன். மேல் பட்டை நிறைந்தேதான் இருக்கும், அதைப் பார்த்து அடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உள்ளே அமைதி. நெடுநேரம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டங்.

கீழ்ப் பட்டையைத்தான் பார்க்கிறார். நான் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டிருக்கிறார். கேட்டது மட்டுமல்ல, அதன்படி வேலையும் பார்க்கிறார். நான் அழவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. கையில் ஸ்பேனரோடு அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, வேலை பாதியில் கிடக்கிறதே என்று நகம் நகமாகத் திருப்ப ஆரம்பித்தேன். ஏறினால் தட்டினார். இறங்கினால் நிறுத்தினார். ஏறஏறச் சத்தம் நெருக்கமாக வந்தது. முகம் பார்க்காமல், வார்த்தை இல்லாமல், நாங்கள் இருவரும் ஒரு சோலியைச் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். மாசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சத்தம் மிகவும் நெருங்கி வந்த நேரத்தில் சட்டென்று நின்றது. நான் டிஷ்ஷை அசைக்கவே இல்லை. "எறங்கிருச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போதும் இல்லை. கை ஓய்ந்துவிட்டதோ என்று ஜன்னலைப் பார்த்தேன்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே அவருடைய இடது கை நீண்டிருந்தது. உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் எதிரே வண்டி வரும்போது, பின்னால் வருகிறவர்களை நிற்கச் சொல்லி டிரைவர்கள் கையை வெளியே நீட்டுவார்களே, அந்த மாதிரி. அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. மாட்டு மூச்சுதான். ஆனால் அவ்வளவு பெரிய மூச்சை வீட்டு மாடு விடாது.

மேல் தோட்டத்திலிருந்து ஒற்றைக் காட்டெருமை பாத்தி வழியாக இறங்கி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. எங்கள் பக்கத்தில் அவை பகலிலேயே வரும். கூட்டமாக வந்தால் அவ்வளவு பயமில்லை. தனியாகத் திரிவதுதான் ஆபத்து. அதற்கு முந்தைய மாதம்தான் பக்கத்து ஊரில் ஒருவர் மிரண்டு ஓடப்போய் முட்டுப்பட்டு இறந்திருந்தார். நான் திரும்பவில்லை. ஸ்பேனரைக் கீழே போடவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கீழே அழுத்திக்கொண்டே இருந்தது. நில், நில், நில். எருமையின் வாடை மூக்கில் ஏறியது. மண் நசுங்கும் சத்தம் மெல்ல மெல்ல என் இடது பக்கமாக வந்து, என்னைத் தாண்டி, கறுப்பாக ஒரு சுவர்போல நகர்ந்து, கீழ்ப் பாத்திக்கு இறங்கியது. ஒரே ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு சீகை மரக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது.

அந்தக் கை அப்போதும் கீழே இறங்கவில்லை. இன்னும் சிறிது நேரம் அப்படியே நீண்டிருந்தது. கை ஜன்னலுக்குள் போன பிறகுதான் நான் அசைந்தேன்.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். தட்டை எடுத்து அவர் பக்கம் வைத்து, ஆமாம் என்றால் ஒருமுறை தட்டுங்கள், இல்லை என்றால் இரண்டுமுறை தட்டுங்கள் என்று சொன்னேன். பிறகு கேட்டேன்.

"சத்தம் கேட்டா அது மெரண்டுரும்னுதான் தட்டுறத நிப்பாட்டுனீங்களா?"

கரண்டி ஒருமுறை தட்டைத் தொட்டது. மெதுவாக, ஆனால் தெளிவாக.

நான் பேசுறதெல்லாம் புரியுதா என்று கேட்டேன். ஒருமுறை. ஆஸ்பத்திரியிலயும் புரிஞ்சதா என்று கேட்டேன். அதற்குக் கொஞ்சம் யோசித்து இரண்டுமுறை தட்டினார். ஆரம்பத்தில் புரியவில்லை, நாளாக நாளாகத் தெளிந்திருக்கிறது என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன். தெளிந்தபோது கேட்க யாரும் இல்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்தார். குத்தகைக்காரரை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ கை ஆடுகிறது, அது தட்டில் படுகிறது, நீ ஆசையில் அப்படி நினைக்கிறாய் என்கிற மாதிரி பேசினார். நான் வாதாடவில்லை. நீங்களே கேளுங்கள் மாமா, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததாகக் கேளுங்கள் என்றேன்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றுவரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார். அன்று முதல்முறையாகத் தம்பியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஏலே, சின்னப்புள்ளைல பள்ளிக்கூடத்துக்குப் போகாம பழனிக்கு பஸ் ஏறுனமே. அன்னைக்கி அய்யாகிட்டப் போட்டுக்குடுத்தது நீதான?"

என் கணவரின் முகம் மாறியது. கரண்டி இரண்டுமுறை இறங்கியது. தட்டு எகிறிக் கட்டிலிலிருந்து கீழே விழும் அளவுக்கு அடி.

அண்ணன் தட்டைக் குனிந்து எடுத்தார். "இன்னமும் ஒத்துக்க மாட்டேங்கிறான் பாரு" என்றார் என்னிடம். சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய், பூண்டுப் பாத்தியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் தம்பியிடமே கேட்டார்.

கன்னிவாடிக்கு வருகிறாயா என்று கேட்டார். இரண்டுமுறை. தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டார். கரண்டி மேலே தூக்கியபடி நின்றது. கேள்வி சரியில்லை என்று எனக்குப் பட்டது. முழுத் தோட்டமுமா என்று பிரித்துக் கேட்கச் சொன்னேன். கீழ்ப் பாத்தி மட்டும் போகட்டும், மேல் பாத்தி எங்களிடமே இருக்கட்டும் என்பது ஒவ்வொன்றாகக் கேட்டதில் வெளியே வந்தது. என்னால் தனியாக எவ்வளவு பார்க்க முடியும் என்பதைப் படுத்த இடத்திலிருந்தே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

கடைசியாக அண்ணன் ஜீப்பைப் பற்றிக் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதில் நான் ஜெயித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"வித்துரலாமா?"

ஒருமுறை தட்டினார். யோசிக்கவே இல்லை.

எனக்குப் புரியவில்லை. அண்ணனை நகரச் சொல்லிவிட்டு நானே கேட்டேன். ஓட்ட முடியாது என்பதாலா? இரண்டுமுறை. எனக்குப் பாரமாக இருக்கும் என்றா? அதற்கும் இரண்டுமுறை. வேறு என்னவென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையால் தன் கண்களை மூடிக்கொண்டார். சுவர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பிக் காட்டினார்.

"அது சும்மா நிக்கிறதப் பாக்க முடியலையா? அதுக்காகத்தான் இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீங்களா?" என்றேன்.

கரண்டியை எடுத்து ஒருமுறை தட்டினார்.

அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று நான்தான் அதை அங்கே நிறுத்தச் செய்தேன். விடிந்து எழுந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை, அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அதைச் சொல்ல வழியும் இல்லாமல், சொல்வார் என்று எதிர்பார்க்க ஆளும் இல்லாமல். அன்று சாயங்காலமே அண்ணனும் குத்தகைக்காரருமாக ஜீப்பைத் தள்ளி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் பெருமாள்மலையில் ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டார். அது மேடேறிப் போகும் சத்தத்தை அவர் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் கீழே போகவில்லை. பேச்சு மிக மெதுவாகத் திரும்பியது. முதலில் வந்த வார்த்தை என் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். சோறு போடும்போது "போதும்" என்றதுதான் முதல் வார்த்தை. இப்போது சிறுசிறு வாக்கியங்கள் பேசுகிறார். சில வார்த்தைகள் மாறி வரும். வேண்டிய வார்த்தை வராதபோது கையைத் தூக்கிப் பொறு என்பார். தடி ஊன்றி மேல் பாத்தி வரை வருகிறார். பூண்டு நடும்போது எங்கே தண்ணீர் தேங்கும் என்று காட்டுகிறார். டிவி இருக்கிறது. ரிமோட்டை அவர்தான் வைத்திருக்கிறார். பட்டிமன்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்ற ஊர்களில் மழை எங்கே பெய்தது என்று பார்ப்பதுதான் பிடிக்கிறது. நான் வேலை முடிந்து உள்ளே வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னமும் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம்தான் கேட்கிறார்கள். இவருக்கு எப்படி இருக்கு, நல்லாச் சாப்பிடுறாரா என்று. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பாசம் வைத்தவர்கள்தான் கேட்காமல் முடிவு செய்கிறோம் என்று எனக்குத் தெரிந்த பிறகு, மகளின் படிப்பானாலும் அவருடைய ஒரு டம்ளர் காபியானாலும், கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை எவ்வளவு நேரமானாலும் பேசாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.